மறைக்கும் துணியும் வளைக்கும் கணக்கும்: மெட்டாமெட்டீரியல் உண்மையில் என்ன செய்கிறது?

2024 நவம்பரில் ஐஐடி கான்பூர் 'அனாலக்ஷ்யா' என்ற பெயரில் ஒரு துணியை அறிமுகப்படுத்தியது. ராடார் கண்ணுக்குத் தப்ப உதவும் மெட்டாமெட்டீரியல் துணி அது. மெட்டாமெட்டீரியல் என்பது, தன் நுண்ணிய வடிவமைப்பால் அலைகளை வழக்கத்துக்கு மாறாகக் கையாளும்படி செயற்கையாகச் செய்த பொருள். 'மெட்டாமெட்டீரியல்', 'மறைப்பு' என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்துவிட்டால் போதும், செய்தி எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். மாயப் போர்வை, கண்ணுக்குத் தெரியாத ராணுவ வீரன் என்று பேச்சு வளர்ந்துவிடுகிறது. 2017 டிசம்பரில் சீனாவிலிருந்து பரவிய ஒரு காணொளி, இப்படிப்பட்ட செய்தி எது வந்தாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒருவர் கண்ணாடி போன்ற தாளைத் தூக்கிப் பிடித்ததும் புதருக்கு நடுவே காணாமல் போவார். அது பச்சைத் திரை வைத்துச் செய்த எடிட்டிங் வேலை.

துணி உண்மை. அதற்குப் பின்னால் உள்ள இயற்பியலும் உண்மை. ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன: அலையை விழுங்குவது, அலையைச் சுற்றி அனுப்புவது, அலையை வேண்டிய இடத்தில் குவிப்பது. இதில் இரண்டாவதுதான் 'மறையும் போர்வை' என்று புகழ்பெற்றது. புழக்கத்துக்கு வந்திருப்பவை முதலாவதும் மூன்றாவதும். இந்தத் துறையின் பெரிய சாதனையாக நான் கருதுவது போர்வையை அல்ல, அதை வரைந்து கொடுத்த கணக்கு முறையை. அதைப் புரிந்துகொள்ள அடியிலிருந்து போவோம்.

ஒரு பொருள் ஏன் தெரிகிறது?

ஒரு பொருள் தன்னைக் காட்டிக்கொடுப்பது இரண்டு வழிகளில்.

1. தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அல்லது சிதறடிக்கிறது.
2. தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கிறது. அதாவது நிழல் விழுகிறது.

முதலாவதை மட்டும் ஒழித்தால் பொருள் கருப்பாகும். கருப்புக் குடையைப் பகலில் விரித்தால் யார் கண்ணுக்கும் தெரியும். இரண்டையும் ஒழித்தால்தான் முழு மறைவு. அதற்கு, வரும் ஒளி பொருளைச் சுற்றிப் போய், மறுபுறம் எந்தத் தடையையும் சந்திக்காதது போலத் தன் பழைய பாதையிலேயே தொடர வேண்டும்.

ஒளியைச் சுற்ற வைப்பது அதிசயமல்ல. கோடையில் தார்ச்சாலையில் தெரியும் கானல் நீர் அதுதான். சாலையை ஒட்டிய சூடான காற்றின் ஒளிவிலகல் எண் மேலே உள்ள காற்றைவிடச் சற்றுக் குறைவு. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி அந்த அடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, தரையைத் தொடாமலே மேலேறி நம் கண்ணுக்கு வருகிறது. சாலையைப் பார்க்க வேண்டிய கண் வானத்தைப் பார்க்கிறது. ஒளிவிலகல் எண்ணை இடத்துக்கு இடம் மாற்றினால் ஒளியின் பாதையும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

இரண்டு எண்கள், அதில் ஒன்று முடங்கியது

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5, வைரத்துக்கு 2.42 என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் உண்மையில் இரண்டு எண்கள் இருக்கின்றன.

ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து ஓடும் அலை. ஒரு பொருள் அந்த மின்புலத்துக்கு எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதைச் சொல்வது விடுதிறன். காந்தப்புலத்துக்கு எவ்வளவு இசைகிறது என்பதைச் சொல்வது உட்புகுதிறன். வெற்றிடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் இந்த இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒளிவிலகல் எண் கிடைக்கும்.

சிக்கல் இங்கேதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண்ணில் புலம் அதிரும்போது, இயற்கையில் கிடைக்கும் பொருள்கள் காந்தப் பக்கம் அசைவதே இல்லை. அவற்றின் உட்புகுதிறன் கிட்டத்தட்ட 1 என்றே நிற்கிறது. அதனால்தான் நூற்றாண்டுகளாக லென்ஸ் செய்தவர்கள் எல்லாரும் ஒரு கையைக் கட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள். கண்ணாடியின் வடிவத்தை மாற்றலாம், கண்ணாடியின் வகையை மாற்றலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயமும் கையில் இருப்பது நல்லது. இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால், காற்றிலிருந்து நேராக அந்தப் பொருளுக்குள் நுழையும் அலையில் ஒரு துளியும் பரப்பில் பட்டுத் திரும்பாது. கண்ணாடியில் நம் முகம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே அந்த இரண்டும் சமமில்லை என்பதுதான். இந்தச் சமநிலை பின்னால் இரண்டு இடங்களில் வரும்.

செம்பைக் காந்தமாக்கும் வித்தை

ஒளி அலைக்குக் கண்ணாடி ஒரே சீரான பொருளாகத் தெரிகிறது. உள்ளே அணுக்கள் தனித்தனியாக இருந்தாலும் அலை அதைக் கவனிப்பதில்லை. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர், அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியோ ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அலைநீளத்தைவிட மிகச் சிறியவை எதையும் அலை தனித்தனியாக எண்ணாது. சராசரியைத்தான் உணரும்.

அப்படியானால் அணுவுக்குப் பதிலாக நாமே சின்னச் சின்ன உறுப்புகளைச் செய்து அடுக்கினால்? அவை அலைநீளத்தைவிடப் போதுமான அளவு சிறியவையாக இருந்தால், அலை அவற்றையும் ஒரு புதிய 'பொருள்' என்றே எடுத்துக்கொள்ளும். இதுதான் மெட்டாமெட்டீரியல். அதன் பண்பு எதனால் செய்தது என்பதைவிட எந்த வடிவில் செய்தது என்பதிலிருந்து வருகிறது.

இந்த எண்ணத்தின் முன்னோடி நம் நாட்டிலேயே இருக்கிறார். 1898இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணல் கட்டுகளின் வழியே மின்காந்த அலையை அனுப்பி, அதன் அதிர்வுத் தளம், அதாவது மின்புலம் அதிரும் தளம், திரும்புவதைக் காட்டினார். சர்க்கரைக் கரைசலில் மூலக்கூறுகள் ஒளிக்குச் செய்வதை, சில சென்டிமீட்டர் நீளமுள்ள சணல் ரேடியோ அலைக்குச் செய்தது. அப்போது அதற்கு மெட்டாமெட்டீரியல் என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

நவீனக் கதை 1967இல் தொடங்குகிறது. விடுதிறன், உட்புகுதிறன் இரண்டும் எதிர்மறை எண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்று சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசெலாகோ கணக்குப் போட்டார். ஒளி வழக்கத்துக்கு மாறான பக்கம் வளையும், ஒளிவிலகல் எண்ணே எதிர்மறையாகும் என்று விடை வந்தது. அப்படி ஒரு பொருள் எங்குமே இல்லாததால் கட்டுரை சுமார் முப்பது ஆண்டுகள் சும்மா கிடந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் செய்து காட்டினார். 1996இல் மெல்லிய உலோகக் கம்பிகளை வலைபோல் அமைத்து எதிர்மறை விடுதிறனுக்கு வழி சொன்னார். 1999இல் வந்தது பிளவு வளையம். செம்பு வளையம் ஒன்றில் ஒரு சின்ன வெட்டு விடுகிறோம். அலையின் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் மாறும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் மின்னூட்டம் சேர்ந்து மறுபடி திரும்பும். வளையம் ஒரு மின்தூண்டி, வெட்டு ஒரு மின்தேக்கி. இரண்டும் சேர்ந்தால் ரேடியோவில் இருக்கும் அதே ஒத்ததிர்வுச் சுற்று. அதன் அதிர்வெண்ணுக்கு அருகில் வளையம் பலமாகக் காந்தம் போல நடந்துகொள்ளும். அந்த அதிர்வெண்ணைச் சற்றுத் தாண்டியதும் புலத்துக்கு எதிராகவே நடந்துகொள்ளும். காந்தத்தோடு ஒட்டாத செம்பில் இருந்து காந்தப் பண்பை வரவழைத்தது இந்த வடிவம்தான்.

2000இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் டேவிட் ஸ்மித், ஷெல்டன் ஷுல்ட்ஸ் குழு கம்பியையும் வளையத்தையும் ஒன்றாக வைத்தது. அடுத்த ஆண்டு அந்தக் குழு மைக்ரோவேவ் அலை எதிர்ப்பக்கம் வளைவதை அளந்து காட்டியது. வெசெலாகோவின் காகிதக் கணக்கு பொருளாக வந்துவிட்டது.

முடங்கியிருந்த இரண்டாவது எண் இப்படித்தான் அவிழ்ந்தது. இனிக் கேள்வி, எந்த இடத்தில் எந்த எண் வேண்டும் என்பது. அதற்கு விடை சொல்வது உருமாற்ற ஒளியியல்.

உருமாற்ற ஒளியியல்: பாதையை முதலில் வரை, பொருளை அப்புறம் கேள்

லென்ஸ் செய்பவர் வழக்கமாகப் பொருளில் இருந்து தொடங்குவார். கண்ணாடியை எடுத்து, ஒரு வடிவம் கொடுத்து, ஒளி எங்கே போகிறது என்று பார்ப்பார். சரியில்லை என்றால் வடிவத்தை மாற்றுவார். உருமாற்ற ஒளியியல் இதைத் தலைகீழாகச் செய்கிறது. படிப்படியாகச் சொன்னால்:

1. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு ரப்பர் விரிப்பைக் கற்பனை செய்யுங்கள். அதில் ஒளி நேர்கோடாக வரையப்பட்டிருக்கிறது.

2. விரிப்பின் நடுவே ஊசியால் ஒரு புள்ளியில் குத்தி, அந்தப் புள்ளியை வட்டமாக விரியுங்கள். சுற்றியுள்ள கட்டங்கள் நசுங்கி வெளிப்பக்கம் ஒதுங்கும். ஒரு குறிப்பிட்ட வெளிவட்டத்துக்கு அப்பால் எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

3. நேராக இருந்த ஒளிக்கோடு இப்போது ஓட்டையைச் சுற்றி வளைந்து, மறுபுறம் தன் பழைய கோட்டிலேயே சேர்ந்திருக்கும். ஓட்டைக்குள் எந்தக் கோடும் நுழையாது. அங்கே வைக்கும் பொருளை ஒளி தொடாது.

4. இது வெறும் படம்தானே, ஒளி எதற்கு இதற்குக் கட்டுப்பட வேண்டும்? இங்கேதான், மின்புலமும் காந்தப்புலமும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் ஒரு பண்பு கைகொடுக்கிறது. ஆயக்கட்டங்களை எப்படி வளைத்தாலும் அந்தச் சமன்பாடுகளின் வடிவம் மாறுவதில்லை. வளைத்ததன் விளைவு முழுவதும் விடுதிறன், உட்புகுதிறன் என்ற இரண்டு இடங்களில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

5. ஆகவே, வளைந்த வெளியில் ஒளி எப்படிப் போகுமோ அதேபோல, வளையாத வெளியில் பொருத்தமான பொருளை நிரப்பினாலும் போகும். எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு விடுதிறன், எவ்வளவு உட்புகுதிறன் என்ற பட்டியல் கணக்கிலிருந்து நேரடியாக வந்துவிடும்.

ஐந்தாவது படிதான் எல்லாம். வளைந்த வெளியும் பொருளும் ஒளிக்கு ஒன்றுதான் என்பது ஈகோர் தாம் போன்ற ரஷ்யக் கோட்பாட்டாளர்கள் 1920களிலேயே தொட்ட விஷயம். ஈர்ப்பால் வெளி எப்படி வளைகிறது என்று ஆராய்பவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதைத் தொழிற்கூடத்துக்கான வரைபடமாக மாற்றியது 2006 ஜூனில் ஒரே 'சயன்ஸ்' இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள். ஒன்று பெண்ட்ரி, டேவிட் ஷுரிக், ஸ்மித் மூவரும் எழுதியது. மற்றொன்று ஸ்காட்லாந்தில் இருந்த உல்ஃப் லியோன்ஹார்ட் எழுதியது.

கேட்கும் பட்டியல் இயற்கைக்குக் கட்டுப்படியாகாத ஒன்று என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு எண்களும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று சமமாக மாற வேண்டும். மையத்தை நோக்கிய திசையில் ஒரு மதிப்பு, சுற்றிப்போகும் திசையில் வேறு மதிப்பு. உருளை வடிவப் போர்வையில் உட்சுவரை நெருங்க நெருங்க, முதலாவது பூஜ்யத்தை நோக்கிக் குறையும், இரண்டாவது முடிவிலியை நோக்கி ஏறும். மெட்டாமெட்டீரியல் இல்லாமல் இந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்கும் போக முடியாது.

டியூக் பல்கலைக்கழகத்தின் செம்பு வளையங்கள்

அதே 2006இன் பிற்பாதியில், வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்மித் குழு முதல் போர்வையைச் செய்துவிட்டது. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் புகழும் குறையும் அந்த ஒரே பொருளில் தெரிகின்றன.

அது ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் 10 வளையங்கள். மின்சுற்றுப் பலகை செய்யும் மெல்லிய தகட்டைப் பட்டையாக வெட்டி வட்டமாக வளைத்திருந்தார்கள். உயரம் சுமார் 1 செ.மீ. உள்வட்டத்தின் ஆரம் 27.1 மி.மீ., வெளிவட்டத்தின் ஆரம் 58.9 மி.மீ. பட்டைகளின் மேல் செம்பில் பொறித்த பிளவு வளையங்கள் மூன்று வரிசையாக ஓடின. ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்குச் சற்று அதிகமான கட்டத்துக்குள் அடங்கும். ஒரு பட்டையில் இருந்து அடுத்த பட்டைக்குப் போகும்போது வெட்டின் நீளமும் மூலையின் வளைவும் துளித் துளியாக மாறும். அதன் பலனாக, மையத்தை நோக்கிய உட்புகுதிறன் உள்வளையத்தில் 0.003 என்று தொடங்கி வெளிவளையத்தில் 0.279 வரை ஏறியது. நடுவே மறைக்கப்பட்ட பொருள் ஒரு செம்பு உருளை.

அலை 8.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ், அதாவது அலைநீளம் 3.5 செ.மீ. செம்பு உருளையை மட்டும் வைத்தபோது அலைமுகடுகள் உடைந்து சிதறின, பின்னால் நிழல் விழுந்தது. வளையங்களைச் சுற்றி வைத்ததும் முகடுகள் வளைந்து போய்ப் பின்னால் மீண்டும் ஒன்று சேர்ந்தன. நிழல் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும், மறையவில்லை. இரண்டு எண்களையும் சமமாக மாற்றுவது கடினம் என்பதால், குழு ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை நிலையாக வைத்தது. பாதை சரியாக வந்தது. ஆனால் முன்னே சொன்ன சமநிலை போய்விட்டதால் வெளிப்பரப்பில் அலை கொஞ்சம் பட்டுத் திரும்பியது.

அதோடு இது மேலும் கீழும் உலோகத் தட்டு வைத்து அடைத்த தட்டையான வெளியில், ஒரே அதிர்வெண்ணில், ஒரே அதிர்வுத் தளத்தில் நடந்த சோதனை. அந்த ஆண்டுச் செய்தித் தலைப்புகளில் இந்த வரிகள் எல்லாம் காணாமல் போயின.

ஆளை மறைக்க ஏன் முடியவில்லை?

பணமோ முயற்சியோ போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தடை அதைவிட ஆழமானது.

1. வேகம். டியூக் போர்வையின் மையத்தை நோக்கி வரும் கதிரை எடுத்துக்கொள்வோம். போர்வை இல்லாவிட்டால் அது 118 மி.மீ. நேராகக் கடந்திருக்கும். இப்போது உள்ளே இறங்கி, உட்சுவரைப் பாதி வட்டம் சுற்றி, வெளியேற வேண்டும். மொத்தம் சுமார் 149 மி.மீ. ஆனாலும் அதே நேரத்தில் வெளியே வந்தால்தான் பக்கத்துக் கதிர்களோடு முகடுக்கு முகடு ஒட்டும். அதாவது உள்ளே அலைமுகடு ஒளிவேகத்தைவிட வேகமாக ஓட வேண்டும். ஒரே நிறமுடைய, தொடர்ந்து ஓடும் அலையில் இது சாத்தியம்தான். முகட்டின் வேகம் எந்தத் தகவலையும் சுமப்பதில்லை, ஐன்ஸ்டீனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பல அதிர்வெண்கள் கலந்த துடிப்பு என்றால் கதை வேறு. துடிப்பு ஒளியை முந்த முடியாது. எனவே காற்றில் வைத்த முழுமையான போர்வை ஒரு நிறத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். சூரிய ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறது. நிறம் நிறமாகச் சிதறி, போர்வையே ஒரு வானவில் போலக் காட்டிக்கொடுக்கும்.

2. இழப்பு. பிளவு வளையம் ஒத்ததிர்வில் இயங்குகிறது. ஒத்ததிர்வு என்றால் உலோகத்தில் மின்னோட்டம், மின்னோட்டம் என்றால் வெப்பம். மைக்ரோவேவில் செம்பு நல்ல பிள்ளை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தங்கமும் வெள்ளியும்கூட அலையை வெகுவாக விழுங்கும். நிழலை ஒழிக்க வந்தது நிழல் போடும்.

3. அளவு. டியூக்கின் செம்பு உருளை ஒன்றரை அலைநீள அகலம்தான். அரை மீட்டர் அகலமுள்ள ஆள், பச்சை ஒளிக்கு 10 லட்சம் அலைநீள அகலம். பொருள் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு அலைநீளத்திலும் அனுமதிக்கக்கூடிய பிழை அதற்கேற்பச் சுருங்கும். 50 நானோமீட்டர் கட்டங்களால் செய்வதென்றால் ஒரு கன மில்லிமீட்டரில் மட்டும் 8 லட்சம் கோடி கட்டங்கள் வரும்.

4. உள்ளே இருட்டு. ஒளி எதுவும் உள்ளே வராது என்றால் உள்ளே இருப்பவருக்கும் எதுவும் தெரியாது. ஒளிந்துகொண்டு வேவு பார்க்கும் கதைகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

முதல் தடையைத் தாண்ட ஆராய்ச்சியாளர்கள் பேராசையைக் குறைத்துக்கொண்டார்கள். 2008இல் ஜென்சென் லீயும் பெண்ட்ரியும் சொன்ன 'கம்பளப் போர்வை' முழு மறைவைக் கோரவில்லை. தரையில் கிடக்கும் பொருளால் ஏற்படும் மேட்டைத் தட்டையான தரை போலக் காட்டினால் போதும் என்றது. புள்ளியை விரிப்பதில்லை, கோட்டைக் கொஞ்சம் உயர்த்துவதுதான். எனவே பூஜ்யமும் முடிவிலியும் தேவைப்படவில்லை, உலோகமும் வேண்டாம். அடுத்த ஆண்டே டியூக் குழு அதை மைக்ரோவேவில் அகலமான அலைவரிசைக்கும், பெர்க்லி, கார்னெல் குழுக்கள் அகச்சிவப்பிலும் செய்தன. 2015இல் பெர்க்லியில் 80 நானோமீட்டர் தடிமனில் தங்க நுண்துண்டுகள் பதித்த ஒரு 'தோல்', சுமார் 36 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கரடுமுரடான பொருளைச் சமதளக் கண்ணாடி போலக் காட்டியது. அதுவும் 730 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் மட்டும்.

2013இல் ஒரு பூனையையும் மீனையும் பகல் வெளிச்சத்திலேயே மறைத்துக் காட்டிய சோதனை உண்டு. அதில் மெட்டாமெட்டீரியல் கிடையாது. பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகளை அடுக்கிய அமைப்பு, சில குறிப்பிட்ட திசைகளில் இருந்து பார்த்தால் மட்டும் வேலை செய்யும். அலை முகடுக்கு முகடு ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டதால் அது முடிந்தது. நம் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது அதன் சாமர்த்தியம்.

கான்பூர் துணி எந்த வகை?

அனாலக்ஷ்யா ஒளியைச் சுற்றி அனுப்பும் போர்வை அல்ல. அது அகன்ற அலைவரிசையில் மைக்ரோவேவை உறிஞ்சும் துணி. வானிலிருந்து நிலத்தைப் படம் எடுக்கும் செயற்கைத் துளை ராடாரிடமிருந்து வாகனங்களையும் தளவாடங்களையும் காப்பது அதன் வேலை. நம் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

உறிஞ்சியின் தத்துவம் 2008இல் அமெரிக்காவில் வில்லி படியா குழுவின் சோதனையோடு புகழ்பெற்றது. முன்னே சொன்ன சமநிலையை இங்கே வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பில் உள்ள உலோக வடிவங்களின் விடுதிறனும் உட்புகுதிறனும் சமமாக இருக்கும்படி இழைத்தால், அலை தயக்கமில்லாமல் உள்ளே நுழையும். நுழைந்ததை இழப்பே விழுங்கிவிடும். சுற்றி அனுப்பும் போர்வைக்கு எமனாக இருந்த அதே இழப்பு இங்கே கூலி வாங்காத வேலைக்காரன். அந்த 2008 சோதனையில் 11.5 கிகாஹெர்ட்ஸில் 88 சதவீதம் உறிஞ்சப்பட்டது. ஒரு அதிர்வெண்ணில் மட்டும் விழுங்கினால் எதிரி ராடாரை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடுவான். ஆகவே அகன்ற அலைவரிசைக்கு விரிப்பதில்தான் பொறியாளரின் வேலை இருக்கிறது.

ராடார் தன் எதிரொலியை மட்டுமே தேடுவதால், எதிரொலி இல்லையென்றால் பாதிக்கு மேல் வெற்றி. ஆனாலும் நிழல் மிஞ்சும். நிலப்படத்தில், சுற்றியுள்ள தரை எதிரொலிக்கும்போது நடுவே ஒரு இருண்ட திட்டு இருந்தால் தேர்ந்த ஆய்வாளர் அதையும் படிப்பார். இது துணியின் குறை என்பதைவிட, விழுங்கும் வகையைச் சேர்ந்த எதற்கும் உள்ள எல்லை.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: எந்த அலைநீளத்தில்? எத்தனை அதிர்வெண்ணுக்கு? விழுங்குகிறதா, சுற்றி அனுப்புகிறதா? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை நான் அப்படியே ஒதுக்கிவிடுவேன்.

பணம் போன இடம்: தட்டையான ஆன்டெனா, தட்டையான லென்ஸ்

மறைப்பைவிடக் குவிப்பதற்குச் சந்தை பெரிது. ஸ்மித்தின் ஆய்வு வழி வந்த கைமெட்டா என்ற அமெரிக்க நிறுவனம், எந்தப் பகுதியும் அசையாமல் செயற்கைக்கோளைத் தொடரும் தட்டையான ஆன்டெனாவைச் செய்கிறது. எக்கோடைன் என்பது அதே வழியில் சிறிய ராடார்கள் செய்யும் நிறுவனம். இங்கெல்லாம் அலை சென்டிமீட்டர் கணக்கில் இருப்பதால் உறுப்புகளை மின்சுற்றுப் பலகையிலேயே அச்சிடலாம்.

ஒளிக்கு வந்தால், முப்பரிமாணக் கட்டமைப்பை விட்டுவிட்டு ஒற்றை அடுக்குக்கு மாறினார்கள். இதுதான் மெட்டாசர்ஃபேஸ். 2011இல் ஹார்வர்டின் ஃபெடரிகோ கபாசோ குழு, பரப்பில் பதித்த நுண்வடிவங்கள் அலையை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தினால், ஒளி எவ்வளவு வளையும் என்று சொல்லும் பழைய ஸ்நெல் விதிக்கு ஒரு கூடுதல் உறுப்பு சேரும் என்று காட்டியது. 2016இல் அதே குழு தட்டையான லென்ஸ் செய்தது. கண்ணாடித் தகட்டின் மேல் 600 நானோமீட்டர் உயரமுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் திரும்பி நிற்கும். உலோகம் இல்லை, இழப்பும் குறைவு.

திருப்பி வைத்தால் மட்டும் ஒளியின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது, எப்படி மாறும்? வட்டமாகச் சுழலும் அதிர்வுடைய ஒளி அந்தத் தூணைக் கடக்கும்போது, தூண் திரும்பிய கோணத்தைப் போல இரு மடங்கு கட்டமாற்றம் பெறுகிறது. இந்த விளைவை 1956லேயே பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த இளைஞர் எஸ். பஞ்சரத்தினம் கண்டறிந்திருந்தார். சி. வி. ராமனின் சகோதரி மகன், அப்போது வயது 22 ஆகியிருந்தால் அதிகம். 1984இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் பெரி வேறு வழியில் அதே தத்துவத்துக்கு வந்து, பின்னர் பஞ்சரத்தினத்தின் முன்னுரிமையை மனமுவந்து எழுதினார். பஞ்சரத்தினம் 1969இலேயே காலமாகிவிட்டார். இன்று தட்டை லென்ஸ் கட்டுரைகளில் இந்த விளைவு பஞ்சரத்தினம்–பெரி கட்டம் என்றே குறிக்கப்படுகிறது.

கபாசோ குழுவிலிருந்து பிறந்த மெட்டாலென்ஸ் நிறுவனத்தின் பரப்புகள், 2022 முதல் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் செய்யும் தூரம் அளக்கும் உணரிகளில் வருகின்றன. அந்த உணரிகள் அகச்சிவப்பில் ஒரே நிறத்தில் இயங்குபவை. அதனால்தான் முதல் வாய்ப்பு அங்கே கிடைத்தது. முழு வண்ணப் படம் எடுக்கும் முதன்மைக் கேமராவுக்கு வந்தால், சிவப்பு ஒரு தூரத்திலும் நீலம் வேறொரு தூரத்திலும் குவியும் பழைய தொல்லை. எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் தட்டை லென்ஸ்கள் ஆய்வகத்தில் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் மிகச் சிறியவை.

வெப்பத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் இதே கணக்கு

ஆயக்கட்டங்களை வளைத்தால் வடிவம் மாறாத சமன்பாடுகள் ஒளிக்கு மட்டும் சொந்தமல்ல. வெப்பம் பரவுவதற்கும் அதே கணக்கு பொருந்தும். 2012இல் ஹார்வர்டிலும் 2013இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலும், வெப்பம் ஒரு வட்டத்தைச் சுற்றிப் போய் மறுபுறம் எதுவும் நடக்காதது போலத் தொடர்வதைக் காட்டினார்கள். வெப்பம் அலையல்ல, பரவல். முகடுக்கு முகடு ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒளிவேகத் தடையும் இல்லை. போர்வை என்ற சொல்லுக்கு மிகவும் நியாயம் செய்தது இந்த வெப்பப் போர்வைதான் என்பேன்.

நிலநடுக்க அலைக்கும் முயன்றிருக்கிறார்கள். 2012இல் பிரான்சின் கிரெனோபிள் அருகே, ஸ்தெஃபான் ப்ரூலே குழு மண்ணில் 5 மீட்டர் ஆழத்துக்கு வரிசையாகத் துளைகள் போட்டு, 50 ஹெர்ட்ஸில் நிலத்தை அதிரவைத்தது. துளைகளுக்கு அப்பால் அதிர்வு வெகுவாகக் குறைந்தது. கட்டடங்களைச் சாய்க்கும் உண்மையான நிலநடுக்க அலைகள் 10 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கின்றன, அலைநீளம் பல பத்து மீட்டர்களில் இருந்து நூற்றுக்கணக்கான மீட்டர்கள் வரை போகும். துளைகளும் அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. கிரெனோபிளில் துளைகளைத் தாண்டாத ஆற்றல் மண்ணுக்குள் கரைந்துவிடவில்லை, திரும்பி வந்து அதிரவைத்த கருவியின் பக்கத்தில் அதிர்வைக் கூட்டியது. ஒரு மருத்துவமனையைச் சுற்றி இப்படிப் போட்டால், திரும்பும் அலை பக்கத்துத் தெருவுக்குப் போகும்.